வாத்துக்கால் பல்லிக்கு ரேஷன் கார்டு மாறின கதை

போன வாரம் ராத்திரி எனக்க அக்கா மவன், கடையில கள்ள நோட்டு பாக்குற ஊதா லைட்டு இருக்குல்லா, அத எடுத்துட்டு வந்து ஹால் சுவத்துல இருந்த பல்லி மேல அடிச்சுகிட்டு நிக்கான். எதுக்குல இதுன்னு கேட்டா, "மாமா, இந்த லைட்டு பட்டா பல்லி பச்சையா மினுங்குமாம், வீடியோல பாத்தேன்"ங்கான். எங்க வீட்டுப் பல்லி ஒண்ணும் மினுங்கல்ல, வெரண்டு டியூப்லைட்டு பட்டிக்குப் பொறத்த ஓடி ஒளிஞ்சுகிட்டு, போற போக்குல ரெண்டு வாட்டி கவுளி வேற அடிச்சுது, உடனே அம்மா அடுக்களையில இருந்து "எந்தப் பக்கம் சொல்லிச்சு, கெழக்கா மேக்கா"ன்னு கேக்கா.

பயல் பாத்த வீடியோ பொய் இல்ல. ஆனா அந்தப் பல்லி நம்ம ஊரு பல்லி கிடையாது. அது ஆப்பிரிக்காவுக்கு தென்மேக்கு கரையில, நமீப் பாலைவனத்து மணல் மேட்டுல வாழுற ஒரு பல்லி. வெரலுக்கு எடையில வாத்துக்கு இருக்க மாதிரி சவ்வு இருக்கும். தமிழ்ல அதுக்கு பேரு ஒண்ணும் இல்லாததால வாத்துக்கால் பல்லின்னு நானே வச்சுகிட்டேன். சயின்ஸ் பேரு பேக்கிடாக்டைலஸ் ரேஞ்சை. பயலுக்கு மூணு நாளா இத வெளக்கி வெளக்கி எனக்கே ஒரு பிடி கெடச்சுது, அதான் எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன். மினுங்குறத கடைசில சொல்லுதேன், ஏன்னா எனக்கு அதவிட அந்தக் காலும், அந்தக் கால பாத்து அதுக்கு பேரு வச்சவங்க ஏமாந்த கதையும்தான் ருசியா இருக்கு.

ஆளு எப்படி இருக்கும்னா, வால் சேத்தாலும் ஒரு சாண் வராது. ஒடம்பு இளஞ்செவப்பு, மேல பழுப்பா கோடும் புள்ளியும். தோலு அவ்வளவு நைசு, உள்ள இருக்கது நிழலாட்டம் தெரியும், நம்ம வீட்டுப் பல்லிக்கு வயித்துல முட்டை வெள்ளையா தெரியும்லா அந்த மாதிரி, ஆனா இதுக்கு இன்னும் கூடுதல். கண்ணு ரெண்டும் தலைக்கு சைசே இல்லாத பெருசு, கோலிக்கா ரெண்டு ஒட்டி வச்சது கணக்கா. காலு மெலிசா குச்சி மாதிரி, நுனியில மட்டும் அந்த சவ்வுப் பாதம். மொத்தத்துல பாத்தா பொம்மைக்கு யாரோ அவசரமா கால் மாத்தி மாட்டின மாதிரி இருக்கும்.

அது இருக்க எடத்த சொல்லணும். நமீப்னா கடலோரமாவே நீளமா கெடக்குற பாலைவனம், அங்கோலாவுக்கு தெக்க இருந்து நமீபியா பூரா வந்து தென்னாப்பிரிக்காவுக்கு வடமேக்கு மூலை வரைக்கும். கடல ஒட்டி பாலைவனமா, எப்படின்னு பயல் கேட்டான். நல்ல கேள்விதான், நம்ம ஊருல கடல ஒட்டி தெங்கும் வாழையும் நிக்குது, ரெண்டு மழையும் நமக்கு கெடைக்குது, தென்மேக்கும் உண்டு வடகெழக்கும் உண்டு. அங்க கடலுல பெங்குவேலா நீரோட்டம்னு ஒண்ணு தெக்க இருந்து குளிர்ந்த தண்ணிய கொண்டு வருது. கடலு குளுந்து கெடந்தா அதுக்கு மேல உள்ள காத்தும் குளுந்து கனத்து கீழயே கெடக்கும், மேல எழும்பினாதான மேகம் கட்டி மழை பெய்யும், அது எழும்பாது. அதனால கரையோரத்துல வருசம் முழுக்க சேத்தாலும் 20 மில்லிமீட்டர ஒட்டித்தான் மழை. ஐப்பசியில நாகர்கோவில்ல ஒரு மணி நேரம் கொட்டினா அது தாண்டிரும்.

மழைக்கு பதிலா அங்க மூடுபனி வரும். அந்தக் குளுந்த காத்துல உள்ள ஈரம் பனியா மாறி, ராத்திரியும் வெடியக்காலமும் கடலுல இருந்து உள்நாட்டுக்கு உருண்டு வரும், கரையோரத்துல வருசத்துல நூறு நாளுக்கு மேல வரும். அங்க உள்ள உசுரு பூரா இந்தப் பனியத்தான் குடிச்சு வாழுது. ஒரு கருப்பு வண்டு மணல் மேட்டு உச்சியில போயி தலைகீழா நிக்கும், முதுகுல பட்ட பனி சொட்டா உருண்டு வாய்க்கு வரும். நம்ம வாத்துக்கால் பல்லிக்கு அவ்வளவு சர்க்கஸ் வேண்டாம், ஒடம்புலயும் கண்ணுலயும் பனி முத்து முத்தா கோத்து நிக்கும், அத நாக்க நீட்டி நக்கிக் குடிச்சுக்கும். கண்ண நக்குறதுன்னா அதிசயமா பாக்காதிய, பெரும்பாலான பல்லிக்கு மூடுற எமை கிடையாது, கண்ணுக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு தோலு ஒட்டிகிட்டு இருக்கும், தூசி விழுந்தா நாக்கு வச்சுதான் தொடைக்கணும், நம்ம வீட்டுப் பல்லியும் அப்படித்தான். மணல்காட்டுல அந்த வேலை அடிக்கடி வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்ப காலுக்கு வருவோம்.

முதல்ல நம்ம சுவத்துப் பல்லி எப்படி மச்சுல தலைகீழா ஓடுதுங்கிறது தெரிஞ்சாத்தான் இது புரியும். ரொம்ப பேரு அதுக்கு காலுல பசை இருக்கு, இல்லன்னா ஒறிஞ்சு பிடிக்குதுன்னு நெனைப்பாங்க. ரெண்டும் இல்ல. வெரலுக்கு அடியில ஏணிப்படி மாதிரி மடிப்பு மடிப்பா பட்டை இருக்கும், ஒவ்வொரு பட்டையிலும் கண்ணுக்கு தெரியாத மயிரு லச்சக்கணக்குல, ஒவ்வொரு மயிரும் நுனியில நூத்துக்கணக்குல கெளை பிரிஞ்சு இருக்கும். டோக்கேன்னு ஒரு பெரிய பல்லி இருக்கு, அதுக்கு ஒரு பாதத்துல மட்டும் அஞ்சு லச்சம் மயிரு கிட்ட இருக்கு. இவ்வளவு பொடிசா பிரிஞ்சதால அந்த நுனி சுவத்துக்கு ரொம்ப ரொம்ப பக்கத்துல போயி படியும், அவ்வளவு பக்கத்துல போனா எந்த ரெண்டு பொருளுக்கும் எடையில ஒரு சின்ன இழுவை உண்டு, வான்டர்வால்ஸ் விசைன்னு பிளஸ் டூ கெமிஸ்ட்ரில படிச்சிருப்பிய. ஒரு மயிருக்கு கொஞ்சூண்டுதான், லச்சத்துல பெருக்கினா பல்லி தொங்கும். கெல்லர் ஆட்டம்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானியும் கூட்டாளிகளும் 2000-ல ஒத்த மயிரோட பலத்த அளந்தாங்க, 2002-ல இது வான்டர்வால்ஸ்தான்னு காட்டினாங்க.

சரி, இந்தக் கால வச்சுகிட்டு நம்ம பல்லி சங்குத்துறை கடப்புறத்துல மணல்ல எறங்கினா என்ன ஆகும்? சுவருங்கிறது அசையாது, நீங்க ஒட்டினா அது உங்கள தாங்கும். மணல்ல நீங்க ஒட்டுறது ஒரு மணல்துகளோட, அந்தத் துகளு உங்க கூடவே வந்துரும். ஒட்டி என்ன பிரயோசனம்? வேலைக்காகாத கருவிய காலுல சொமந்துகிட்டு நடக்கணும், அதுல மணலும் தூசியும் போயி அடையும். அதனால மணலுக்கு போன பல்லிக் கூட்டம் ஒவ்வொண்ணும் அந்தப் பட்டைய பைய பைய கைவிட்டுட்டு வேற ஏற்பாடு பண்ணிகிட்டு. நம்ம நாட்டுலயே ராஜஸ்தான் தார் பாலைவனத்துல ஒண்ணு இருக்கு, சிந்து மணல் பல்லி, 1876-ல பிளான்ஃபோர்டு பேரு வச்சது, அதுக்கு வெரல் ஓரத்துல சீப்புப் பல்லு மாதிரி செதிலு வரிசையா நீட்டிகிட்டு இருக்கும். நமீப்லயே குரைக்கிற பல்லின்னு ஒரு கூட்டம் உண்டு, அதுக்கும் இந்த சீப்பு ஏற்பாடுதான், பொழுது சாயும்போது ஆண் பல்லி வளை வாசல்ல தலைய மட்டும் நீட்டி டக் டக் டக்னு துணைய கூப்பிடும், பாலைவனம் பூரா கேக்கும். (நம்ம சங்கப் பாட்டுல பாலை நெலத்து கள்ளிக்காட்டுல செங்கால் பல்லி துணைய கூப்பிடுறது வருதுல்லா, அத எழுதினவரு நல்லா காத கொடுத்து கேட்டிருக்காருன்னு எனக்கு ஒவ்வொரு வாட்டியும் தோணும்.)

வாத்துக்கால் பல்லி இந்த சீப்பு வழிக்கு போகல்ல. வெரலுக்கு எடையில சவ்வு வளத்துகிட்டு. ஒட்டுற பட்டை கிட்டத்தட்ட இல்லாமயே போச்சு. சவ்வு எதுக்குன்னா மணல்ல கால் பொதையாம நடக்கன்னுதான் ரொம்ப நாளா எல்லாரும் சொல்லிகிட்டு இருந்தாங்க, கேட்டா நியாயமாத்தான் இருக்கும், அகலமான காலு, பாரம் பரவும், பொதையாது. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா யோசிச்சு பாத்தா அந்தப் பல்லி என்ன எடை இருக்கும், அது சவ்வு இல்லாட்டியும் பெருசா பொதையப் போறதில்ல, அதே மணல்ல அதே சைசுல சவ்வு இல்லாத பல்லிகளும் அரணைகளும் ஓடிகிட்டுத்தான் இருக்கு.

1990-ல ஆன்டனி ரஸ்ஸல், ஆரோன் பாவர்னு ரெண்டு பேரு இந்தப் பல்லி குழி தோண்டுறத உக்காந்து பாத்து எழுதினாங்க. சவ்வு முக்கியமா மம்பட்டின்னாங்க. பாலைவனத்து மணல் பகல்ல தொட முடியாது, மேல்பரப்பு 60 டிகிரிய தாண்டி கொதிக்கும், அதனால இது வெடியும் முன்ன மணலுக்குள்ள வளை தோண்டி உள்ள போயி படுத்துக்கும், பொழுது எறங்கினாத்தான் வெளிய தலை காட்டும். தெனமும் தோண்டுறதுதான் அதுக்கு சீவனே. சவ்வுல சும்மா தோலு மட்டும் இல்ல, உள்ள சின்னச் சின்ன குருத்தெலும்பும் அத ஆட்ட தசையும் இருக்கு, விரிக்கவும் மடக்கவும் முடியும். நீந்துறதுக்கும் நடக்குறதுக்கும் மட்டும்னா இவ்வளவு நுணுக்கமா சாமான் தேவையில்ல.

இதுல ஒரு வெசயம் நம்ம கடப்புறத்துக்காரங்களுக்கு சொல்லாமலே புரியும். பிள்ளைய கடற்கரையில மணல் வீடு கட்டும்போது மேல உள்ள காஞ்ச மணல்ல கட்டாது, அத தள்ளிட்டு கீழ உள்ள ஈர மணல எடுக்கும். காஞ்ச மணல்ல குழி போட்டா பக்கம் சரிஞ்சு விழும், ஈரம் இருந்தா துகளுக்கு எடையில தண்ணி பாலம் மாதிரி நின்னு பிடிச்சுக்கும், குழி நிக்கும். நண்டும் அப்படித்தான் பாத்து தோண்டும். நமீப்லயும் மேல காஞ்ச மணலு, கீழ பனி ஈரம் எறங்கி கொஞ்சம் இறுகின மணலு. வளை நிக்கணும்னா அந்த இறுகின மணல்ல தோண்டணும், அதுக்கு வெறும் நகம் போதாது, தோண்டின மண்ண வாரி வெளிய தள்ள அகலமா ஒண்ணு வேணும். மம்பட்டி வேணும்.

மத்தது வேகமா சொல்லிருதேன். ராத்திரி வெளிய வந்து பூச்சி, சிலந்தி, கறையான் இதெல்லாம் பிடிச்சுத் திங்கும். ஓடு கெட்டியான முட்டை ரெண்டு இடும், நம்ம பல்லியும் அலமாரி மூலையில ரெண்டு ரெண்டாத்தான் வைக்கும், பல்லிக் குலத்துல பெரும்பாலும் ரெண்டுதான் கணக்கு. பயந்தா கீச்சுன்னு சத்தம் போடும். அழிஞ்சு போற லிஸ்டுல இல்ல, இப்போதைக்கு நல்லாவே இருக்கு.

இனி ஜாதகம்.

இதுக்கு முதல் முதல்ல பேரு வச்சது 1908-ல, லார்ஸ் காப்ரியேல் ஆண்டர்சன்னு ஒரு சுவீடன்காரரு. அவரு பாலைவனத்துக்கு போகல்ல, ஜெர்மனியில வீஸ்பாடன் ஊரு மியூசியத்துல சாராயக் குப்பியில கெடந்தத பாத்துத்தான் எழுதினாரு. அன்னைக்கு நமீபியா ஜெர்மன்காரன் கையில இருந்துது. அங்க அரசாங்கத்து பாறை நிபுணரா இருந்தவரு பால் ரேஞ்ச், அவரு பேரத்தான் பல்லிக்கு வச்சாங்க, ரேஞ்சைன்னா ரேஞ்சோடதுன்னு அர்த்தம். முன் பேரு பால்மாடோகெக்கோ, பால்மாடோன்னா வாத்துப்பாதம் மாதிரி சவ்வுள்ளது. கெக்கோங்கிறது மலாய்க்காரன் பல்லி சத்தத்த கேட்டு வச்ச சொல்லு, நாம கவுளின்னு சொல்லுத மாதிரி.

அதே 1908-லதான் அந்தக் கரையில லூடரிட்ஸ் ஊருக்கு பக்கத்துல ரயில் தண்டவாளத்து மணல தள்ளிகிட்டு நின்ன தொழிலாளி ஒருத்தரு கையில வைரக்கல் கெடச்சுது, அது வைரந்தான்னு உறுதி சொன்னதும் இதே பால் ரேஞ்ச். இங்க பாருங்க, அடுத்த வருசம் 1909-ல நம்ம மணவாளக்குறிச்சி மணல்ல மோனசைட்னு ஒரு தாது இருக்குன்னு கண்டுபிடிச்சது ஷோம்பர்க்னு இன்னொரு ஜெர்மன்காரரு, இங்க இருந்து ஏத்துமதியான கயித்துல ஒட்டிகிட்டு போன மணல பாத்து தேடி வந்தாருன்னு நம்ம ஊருல எல்லாருக்கும் தெரியும். ரெண்டு கரையிலயும் ஒரே நேரத்துல ஜெர்மன்காரன் மணல கிளறிகிட்டு இருந்திருக்கான். அங்க வைரத்தோட ஒரு பல்லியும் மாட்டிச்சு. சவத்த விடுங்க, கதைக்கு வருதேன்.

ஆண்டர்சன் இந்தக் கால பாத்து அசந்து போனாரு. எழுதின கட்டுரை தலைப்புலயே குறிப்பிடத்தக்க புதுப் பல்லின்னுதான் போட்டிருக்காரு. இப்படி ஒரு காலு வேற எந்தப் பல்லிக்கும் இல்ல, அப்ப இது தனிப் பேரினம்தான் (பேரினம்னா சொந்தக்கார இனங்கள சேத்து வச்ச கூட்டம், சயின்ஸ் பேருல முன் பேரு அதோடது), தனி ரேஷன் கார்டுன்னு குடுத்துட்டாரு. 1966-ல நமீப்க்கு வடக்க காவோகோவெல்டு பக்கம் இன்னொரு பல்லி கெடச்சுது, இதே சாயல், ஆனா சவ்வு கம்மி. அதுக்கும் காவோகெக்கோன்னு இன்னொரு தனி கார்டு. இப்படி ஒரு நூறு வருசம் ஓடிச்சு.

இந்தப் பக்கத்துல பேக்கிடாக்டைலஸ்னு ஒரு பெரிய குடும்பம் உண்டு, 1834-ல வீக்மன் வச்ச பேரு, அர்த்தம் தடிச்ச வெரலு. தென் ஆப்பிரிக்கப் பகுதியில 50-க்கு மேல இனம், பெரும்பாலும் பாறையில ஏறுற பல்லி, வெரலு நுனியில ஒட்டுற பட்டை நல்லா இருக்கும். அதே ஆரோன் பாவரும் ட்ரிப் லாம்ப்னு ஒருத்தரும் இந்தப் பல்லிகளோட டிஎன்ஏ எடுத்து ஒப்பிட்டு பாத்தப்ப, வாத்துக்கால் பல்லி இந்த தடிச்ச வெரலுக் குடும்பத்துக்கு பக்கத்து வீடு இல்ல, அந்தக் குடும்பத்துக்கு உள்ளயே உக்காந்திருக்குன்னு தெரிஞ்சுது.

இத பயலுக்கு எப்படி சொன்னேன்னா, ஒரு தாத்தாவுக்கு அஞ்சு மக்க, அதுல ஒருத்தன் கல்ஃபுக்கு போயி இருவது வருசம் வெயில்ல கெடந்து ஆளே மாறி வாறான். தாடி, உடுப்பு, பேச்சு எல்லாம் மாறியாச்சு. அவன பாத்த தாலுகா ஆபீஸ்காரன், நீ இந்தக் குடும்பமே இல்ல, உனக்கு தனி வம்சம்னு எழுதிக் குடுத்தா எப்படி? மிச்சம் நாலு பேர மட்டும் ஒரு வம்சம்னு சொல்லணும்னா அந்த வம்சத்துல ஒரு ஓட்டை விழும். வகைப்பாட்டுல இத ஒத்துக்க மாட்டாங்க, ஒரு பேரினம்னா ஒரு மூதாதை, அதுக்குப் பொறந்த எல்லாரும் உள்ள வரணும், உருவம் பிடிக்கல்லன்னு ஒருத்தன வெளிய நிறுத்த முடியாது. அதனால 2005-ல பால்மாடோகெக்கோ கார்ட ரத்து பண்ணி பேக்கிடாக்டைலஸ் கார்டுல பேரு சேத்துட்டாங்க. வடக்கத்தி பல்லியும் அப்படியே உள்ள வந்துட்டு.

அதே கட்டுரையில தலைகீழாவும் ஒண்ணு நடந்துது. காண்ட்ரோடாக்டைலஸ்னு ஒரு பேரினம், 1870-ல பீட்டர்ஸ் வச்சது, அதுல தரையில நடக்குற, ஒட்டுப்பட்டை இல்லாத பெரிய பல்லி ஒண்ணுதான் இருந்துது. டிஎன்ஏ பாத்தா, தடிச்ச வெரலு கும்பல்ல இருந்த சில பெரிய பாறைப் பல்லிக அதுக்குத்தான் கூடப்பொறந்தது. அவங்கள அந்தக் குடும்பத்துல இருந்து பிரிச்சு இங்க சேத்தாங்க. அதாவது ஒட்டுற காலு உள்ளதுக எல்லாம் ஒட்டாத காலுக்காரன் கார்டுல. காலு என்ன சொல்லுதோ அதுக்கு நேர் எதிரா ரத்தம் சொல்லிச்சு. 2006-ல லாம்பும் பாவரும் இன்னொரு கட்டுரையில, தெற்கு ஆப்பிரிக்க மணல்ல குழி தோண்டுற பல்லிக ஒட்டுப்பட்டைய ஒரே வாட்டி தொலைக்கல்ல, தனித்தனியா தொலைச்சிருக்குன்னு காட்டினாங்க. உலகத்துப் பல்லி பூரா எடுத்து 2012-ல டோனி கேம்பிள் கூட்டத்தார் போட்ட கணக்குல ஒட்டுப்பட்டை 11 வாட்டி புதுசா உண்டாகி 9 வாட்டி இல்லாம போயிருக்கு. காலு அவ்வளவு லேசா மாறுற சாமானு. அத நம்பி வம்சம் எழுதினா இப்படித்தான் ஆகும்.

இதுல ஒரு சின்ன அடையாளம் இருக்கு, தெரிஞ்சா சயின்ஸ் பேரு படிக்க நல்லாருக்கும். இப்ப இந்தப் பல்லி பேர எழுதும்போது பேக்கிடாக்டைலஸ் ரேஞ்சை (ஆண்டர்சன், 1908) அப்படின்னு போடுவாங்க. ஆண்டர்சனுக்கு அந்த வளைவுக்கோடு எதுக்குன்னா, அவரு வச்ச முன் பேரு இப்ப இல்ல, வேற குடும்பத்துக்கு மாத்தியாச்சுன்னு அர்த்தம். கோடு இல்லாம வெறுமனே பேரும் வருசமும் இருந்தா முதல்ல வச்ச எடத்துலயே இருக்குன்னு அர்த்தம். ரேஞ்சைங்கிற பின் பேரு மட்டும் மாறவே மாறாது.

டிஎன்ஏ வந்தா எல்லாம் ஒண்ணாத்தான் சேருமான்னா அப்படியும் இல்ல, நம்ம மேற்கு மலையில நேர் எதிரா நடந்துது. 1875-ல குந்தர் ஆனைமலைப் பல்லி ஒண்ணுக்கு பேரு வச்சாரு. 1933-ல மால்கம் ஸ்மித் அதுக்கு திராவிடோகெக்கோன்னு தனிப் பேரினம் குடுத்தாரு, பேரு கேக்கவே நல்லாருக்குல்லா. 1995-ல, யாருன்னு நெனைக்கிய, அதே பாவரும் ரஸ்ஸலும் ஒடம்பு அமைப்ப பாத்து, இது தனி ஒண்ணும் இல்ல, ஹெமிடாக்டைலஸ்தான்னு சேத்துட்டாங்க. ஹெமிடாக்டைலஸ்னா நம்ம வீட்டு சுவத்துப் பல்லி குடும்பம். பொறகு 2013-ல பன்சல், கராந்த் ரெண்டு பேரும் டிஎன்ஏ பாத்து, இது ஹெமிடாக்டைலஸே இல்ல, டைனோசர் காலத்துலயே பிரிஞ்ச பழைய தனி கெளைன்னு சொல்ல, திராவிடோகெக்கோ திரும்ப உசுரு வந்துது. 2019-ல அந்த ஒத்தப் பல்லிக்குள்ள பல இனம் இருக்குன்னு பிரிச்சாங்க, அதுல ஒண்ணுக்கு பேரு தொல்பல்லி, சுத்தத் தமிழ், அப்படியே சயின்ஸ் பேரா போச்சு. ஆப்பிரிக்கால கால பாத்து தனின்னு நெனச்சது உள்ள போச்சு, இங்க சாயல பாத்து ஒண்ணுன்னு நெனச்சது வெளிய வந்துது. ரெண்டு எடத்துலயும் அதே பாவர் வேற, ஒரு எடத்துல திருத்தினவரு, இன்னொரு எடத்துல திருத்தப்பட்டவரு. எனக்கு அவரு மேல மரியாதை கூடித்தான் போச்சு.

எங்க வீட்டு டியூப்லைட்டு பொறத்த ஒளிஞ்சவனும் வாத்துக்காலும் சொந்தமான்னு பயல் கேட்டான். சொந்தந்தான். பல்லிக் குலத்துல மொத்தம் ஏழு குடும்பம் (மேல நான் குடும்பம்னு சொன்னது பேரினத்த, இது பல பேரினம் சேந்த பெரிய குடும்பம்), அதுல காலே இல்லாம பாம்பு கணக்கா இருக்கது ஒண்ணு, எமை மூடித் தெறக்கது ஒண்ணு, எல்லாம் உண்டு. இவங்க ரெண்டு பேரும் கெக்கோனிடேங்கிற ஒரே குடும்பம், பேரினம்தான் வேற. தூரத்து சித்தப்பா வீடுன்னு வச்சுக்கோ.

இனி மினுங்குற வெசயம். 2021 ஜனவரியில மியூனிக் ஊரு விலங்கியல் மியூசியத்தோட சேந்தவங்க, டேவிட் புரோட்ஸல் கூட்டத்தார், இந்தப் பல்லி ஊதாக்கு அப்பால உள்ள ஒளி பட்டா பச்சையா ஒளிருதுன்னு எழுதினாங்க. இதே ஆளு அதுக்கு முன்ன பச்சோந்திக்கு எலும்பு நீலமா ஒளிருறத காட்டினவரு. பச்சோந்தியில எலும்புதான் ஒளிருது, மேல தோலு மெலிசா இருக்கதால வெளிய தெரியுது. இந்தப் பல்லியில அப்படி இல்ல, தோலுலயே ஒளிருது. தோலுக்குள்ள இரிடோஃபோர்னு ஒரு வகை செல் இருக்கு, உள்ள குவானைன் படிகம் அடுக்கியிருக்கும், மீன் செதிலு பளபளங்கிறதுக்கும் அதே சாமானுதான் காரணம். பல்லிக்கு சாதாரணமா அது ஒளிய திருப்பி விடுற வேலை மட்டும் பாக்கும், இதுல சில செல்லு மட்டும் ஒளிய உறிஞ்சி பச்சையா திருப்பி விடுது. தேளும் இந்த லைட்டுல மினுங்கும், ஆனா அதுக்கு சங்கதி மேல்தோட்டுல.

எனக்கு பிடிச்சது எங்கன ஒளிருதுங்கிறதுதான். முதுகுல இல்ல. ரெண்டு விலாவுலயும் கீழ் ஓரமா ஒரு கோடு, கண்ணச் சுத்தி ஒரு வளையம், அவ்வளவுதான். மேல பறக்குற ஆந்தைக்கு அது தெரியாது. மணலோட மணலா இன்னொரு பல்லி நின்னு பாத்தா அதுக்கு நேரா கண்ணு மட்டத்துல தெரியும். அதனால இது ஒண்ணுக்கொண்ணு அடையாளம் காட்டுறதுக்கா இருக்கலாம்னு அவங்க சொல்லுதாங்க, நிரூபிச்சாச்சுன்னு சொல்லல்ல. நிலா வெளிச்சத்துல அது பத்துமான்னா, பல்லி கண்ண நம்ம கண்ணோட ஒப்பிடக் கூடாது, தலைக்கவசப் பல்லின்னு ஒண்ண வச்சு 2004-ல சோதிச்சதுல மங்கின நிலா வெளிச்சத்துலயே நெறம் பிரிச்சு பாக்குதுன்னு தெரிஞ்சுது, நிறம் பாக்குற விசயத்துல நம்மள விட 350 மடங்கு கூர்மைன்னு கணக்கு. நமக்கு ராத்திரி எல்லாம் சாம்பல் நெறம், அதுக்கு அப்படி இல்ல.

இத சொன்ன அன்னைக்கு ராத்திரி பயல் திரும்ப அந்த லைட்ட எடுத்துட்டு வந்தான், இந்த வாட்டி நிக்கல்ல, தரையில கமந்து படுத்து, கன்னத்த மொசைக்கோட ஒட்டி வச்சு, கட்டிலுக்கு அடியில இருந்த பல்லிய பக்கவாட்டுல பாக்கான். மினுங்குதாலேன்னு கேட்டேன். "இல்ல மாமா, ஆனா இது வெரலுக்கு அடியில படிக்கட்டு தெரியுது"ன்னான். அதுக்குள்ள அக்கா வந்து, கடையில நோட்டு பாக்க லைட்ட காணும்னு தேடுதாங்க, இங்கன பல்லிக்கு பாக்கியளான்னு ரெண்டு பேரையும் சேத்து ஏசினா.